சாப்பாவும் பேரேடும்: வேலையாள் நிலைத்து நிற்பது எதனால்?

கொச்சியில் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் இரண்டு பேர் சந்தித்தால், நலம் விசாரித்த அடுத்த நிமிஷம் வருகிற பேச்சு ஒன்றுதான்: "ஆளே நிக்க மாட்டேங்கிறாங்க!" வருகிறான், தொழில் கற்றுக்கொள்கிறான், கை பழகியதும் போய்விடுகிறான். மறுபடி புது ஆள், மறுபடி முதலிலிருந்து பாடம். இந்தப் பல்லவியை நானும் இருபது வருஷம் பாடியவன்தான். ஆகவே குற்றம் சொல்லும் இடத்திலிருந்து இதை எழுதவில்லை. குற்றம் செய்தவன் இடத்திலிருந்து எழுதுகிறேன்.

பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே ஓர் இலாகா உண்டு. 'ஊழியர் அனுபவம்' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். வார்த்தை பெரிதாக இருந்தாலும் பொருள் எளிது. ஒருவன் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கணக்குத் தீர்த்துப் புறப்படும் நாள் வரை அந்த இடத்தில் என்ன காண்கிறான், என்ன கேட்கிறான், என்ன படுகிறான் என்பதன் மொத்தமே அது. அது நன்றாக இருந்தால் மனம் வேலையில் ஒட்டும். மனம் ஒட்டினால் ஆளும் நிற்பான். இதற்கு அமெரிக்கப் புத்தகத்தைப் புரட்டுமுன், நம் மட்டாஞ்சேரி துறைமுகத்தையே ஒரு பாடமாகப் படிக்கலாம்.

சாப்பா எறிந்த காலம்

ராபர்ட் பிரிஸ்டோ 1920-ல் கொச்சிக்கு வந்தார். கழிமுகத்து மணல்திட்டை வெட்டி, ஆழம் தோண்டி, தோண்டிய மண்ணைக் கொண்டே வெல்லிங்டன் தீவை உண்டாக்கினார். 1928-ல் கப்பல் உள் துறைமுகத்துக்குள் வந்தது; 1936-ல் கொச்சி பெருந்துறைமுகமானது. இதெல்லாம் நமக்குத் தெரிந்த வரலாறு. அந்தக் கப்பல்களில் சரக்கு ஏற்றி இறக்கிய கைகளின் வரலாறுதான் நமக்கு அவ்வளவாகத் தெரியாது.

அன்று துறைமுகக் கூலிக்கு நிரந்தர வேலை கிடையாது. விடியுமுன்னே ஆட்கள் கூட்டமாக வந்து நிற்பார்கள். ஒப்பந்தக்காரரின் ஆள் 'சாப்பா' எனப்படும் உலோக வில்லைகளை அந்தக் கூட்டத்தின் நடுவே வீசி எறிவான். எவன் கையில் வில்லை கிடைத்ததோ அவனுக்கு அன்று வேலை, மற்றவர்களுக்குப் பட்டினி. ஒரு வில்லைக்காகப் பத்துப் பேர் மண்ணில் புரண்டு அடித்துக்கொள்வார்கள். இன்று வில்லை பிடித்தவனுக்கு நாளைக்கும் கிடைக்கும் என்று உறுதி இல்லை.

இது கொச்சிக்கு மட்டும் வந்த சாபம் என்று நினைக்க வேண்டாம். லண்டன் துறைமுகத்திலும் ஆட்களை வாசலில் திரட்டிப் பொறுக்கி எடுக்கும் வழக்கம்தான் இருந்தது. 1889-ல் அங்கே நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் மணிக்கு 6 பென்ஸ் கூலி கேட்டார்கள். கூடவே, ஒருவனை வேலைக்கு எடுத்தால் குறைந்தது நான்கு மணி நேரமாவது வேலை தரவேண்டும் என்றும் கேட்டார்கள். கூலியின் அளவைப் போலவே கூலியின் உறுதியும் அவர்களுக்கு முக்கியமாக இருந்தது.

மட்டாஞ்சேரியில் இந்த முறையை எதிர்த்துத் தொழிலாளர்கள் நெடுநாள் போராடினார்கள். 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. சையது, சைதலவி ஆகிய இருவர் குண்டுக்குப் பலியானார்கள். ஆன்டனி என்பவர் போலீஸ் அடியில் இறந்தார். கே.எம். சிதம்பரன் இதை நாடகமாக எழுதினார். அந்த நாடகத்தை அடியொற்றி 2023-ல் 'துறமுகம்' என்ற மலையாளப் படமும் வந்தது.

பெயர் எழுதிய ஏடு

இதற்கு மாற்று என்ன? 1948-ல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. அதன் கீழ் கொச்சிக்கான திட்டம் 1959-ல் வந்தது. சாப்பா முறை 1962-ல் ஒழிந்தது.

திட்டத்தின் சூட்சுமம் மிக எளிது. தொழிலாளியின் பெயரைப் பதிவேட்டில் எழுதினார்கள். வேலையை முறைவைத்துப் பங்கிட்டார்கள். கப்பல் வராத நாளிலும், வந்து ஆஜர் கொடுத்தவனுக்கு ஒரு வருகைப்படி உண்டு; மாதத்துக்கு இத்தனை நாள் கூலி நிச்சயம் என்று ஒரு குறைந்தபட்ச உறுதியும் உண்டு. துறைமுகமும் அதேதான், மூட்டையின் பாரமும் அதேதான். மாறியது ஒன்று: வில்லைக்குப் பதில் பெயர் வந்தது.

எண்பதுகளில் எங்கள் பள்ளுருத்தியில் ஒரு பெரியவர் இருந்தார். இளவயதில் சாப்பாவுக்காக மண்ணில் விழுந்தவர். மாலையில் என் கடைத் திண்ணையில் வந்து உட்காருவார். ஒருநாள் கேட்டேன், "கூலி கூடினதுதானே உங்களுக்குப் பெரிய சந்தோஷம்?" அவர் மலையாளத்தில் சொன்ன பதிலைத் தமிழில் தருகிறேன்: "அது வரைக்கும் நான் கூட்டத்துல ஒரு கை. புஸ்தகத்துல எழுதின பிறகுதான் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. நாளைக்கு அரிசி வாங்கலாமா வேண்டாமான்னு இன்னிக்கே சொல்ல முடிஞ்சது."

பேரேடு என்பதை இலக்கணப்படி பெருமை + ஏடு என்று பிரிக்க வேண்டும். அந்தப் பெரியவர் பேச்சைக் கேட்ட பிறகு, பேர் + ஏடு என்றும் நான் மனசுக்குள் பிரித்துக்கொள்வதுண்டு. புலவர்கள் மன்னிப்பார்களாக.

கூலி மட்டும் போதுமா?

"அதெல்லாம் சரி, சம்பளத்தைக் கூட்டினால் ஆள் நிற்பான்" என்பார்கள். பாதி உண்மை. அமெரிக்காவில் ஃபோர்டு மோட்டார் கம்பெனியின் கதையைப் பாருங்கள். 1913-ல் அங்கே ஆள் மாற்றம் 370 சதவிகிதம். அதாவது சுமார் 14,000 பேர் கொண்ட தொழிற்சாலையை ஓட்ட, ஒரே வருஷத்தில் 52,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. நகரும் பட்டையின் முன் நின்று நாள் முழுதும் ஒரே திருகைத் திருகும் வேலை யாருக்கும் பிடிக்கவில்லை. 1914 ஜனவரியில் ஃபோர்டு, நாளொன்றுக்கு 5 டாலர் என்று அறிவித்தார். கூலி ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று. ஒன்பது மணி வேலை எட்டு மணி ஆயிற்று. 1915-ல் ஆள் மாற்றம் 16 சதவிகிதமாக இறங்கிவிட்டது.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. அந்த 5 டாலரில் ஒரு பெரும் பகுதி, 'ஒழுங்காக வாழ்கிறவனுக்கு' மட்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். வீடு சுத்தமா, குடிக்கிறானா, பணம் சேர்க்கிறானா என்று பார்க்க ஆள் அனுப்பினார்கள். கொடுத்த கையாலேயே வீட்டுக் கதவையும் திறந்து பார்த்தால், கொடுத்ததன் பெருமை குறைந்துபோகிறது. நம்மிலும் சிலர் 'பிள்ளை மாதிரி வச்சிருக்கேன்' என்று சொல்லிக்கொண்டு, வேலையாள் யாரோடு பேசுகிறான், எங்கே போகிறான் என்று வேவு பார்ப்பதுண்டு. அது பாசத்தில் சேராது.

உட்கார ஒரு ஸ்டூல்

காசே இல்லாமல் செய்யக்கூடிய காரியம் எத்தனையோ உண்டு என்பதற்குக் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெரு சாட்சி. அங்கே துணிக்கடை முதலிய கடைகளில் வேலை செய்த பெண்கள் நாள் முழுதும் நின்றுகொண்டே இருக்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. போக ஒழுங்கான கழிப்பிடமும் இல்லை. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே இருந்தவர்களும் உண்டு. தையல் தொழிலாளியான பி. விஜி அவர்களைத் திரட்டினார். முதலில் கழிப்பிடம், பிறகு உட்காரும் உரிமை என்று போராடினார்கள். 2018-ல் கேரள அரசு கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியருக்கு இருக்கை தரவேண்டும் என்று விதித்தது. 2021-ல் தமிழ்நாடும் அவ்வாறே திருத்தியது.

ஒரு ஸ்டூல் என்ன விலை? அதற்குச் சட்டம் தேவைப்பட்டது என்றால், வெட்கப்பட வேண்டியவர்கள் கல்லாவில் உட்கார்ந்திருந்த நாம்தானே!

என் கடையில் நடந்தது

என்னுடையது பாத்திரக் கடை. வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் பதினொரு வருஷம் என்னிடம் இருந்தான். உருளியைத் தட்டிப் பார்த்தே வெண்கலத்தின் தரம் சொல்லுவான். தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள், "கணக்கு முடிச்சிக்கலாம் முதலாளி" என்று வந்து நின்றான். போகப்போவது இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடைக்கு. எவ்வளவு கூடுதல் தருகிறார்கள் என்று கேட்டேன்.

"சம்பளம் அதேதான் முதலாளி. அங்கே என்னிக்கு லீவுன்னு முன்னாடியே சொல்லிடறாங்க. ஊருக்கு டிக்கெட் போட்டுக்கலாம்."

எனக்குச் சுருக்கென்றது. என் கடையில் லீவு இல்லாமல் இல்லை. 'வேலை குறைவா இருந்தா நாளைக்கு வர வேணாம்' என்று முந்தின நாள் ராத்திரி சொல்லுவேன். ராத்திரி ஒன்பது மணிக்குக் கிடைத்த லீவை வைத்துக்கொண்டு அவன் வந்தவாசி எப்படிப் போவான்? அம்மாவைப் பார்க்க எப்படிப் போவான்? யோசித்துப் பார்த்தால், நானும் தினம் ராத்திரி ஒரு சாப்பாவை எறிந்துகொண்டுதான் இருந்திருக்கிறேன்.

இதில் கூடுதல் வெட்கம் ஒன்று உண்டு. அதே வருஷம் ஒரு விழாவில் வ.உ.சி.யைப் பற்றி நான் பேசியிருந்தேன். 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில்லில் தொடங்கிய வேலைநிறுத்தத்தைச் சொல்லி, கூலி உயர்வோடு வார விடுமுறையும் கேட்டு அவர்கள் வென்றதைச் சொல்லிக் கைதட்டும் வாங்கியிருந்தேன். கடையில் பாத்திரத்துக்குத் தூசு தட்டிக்கொண்டிருந்தவனுக்கு அந்த வார விடுமுறை இல்லை.

தங்க வைப்பதும் கட்டி வைப்பதும்

ஆள் போகாமல் இருக்க நம் வியாபாரிகள் கைக்கொள்ளும் வழி ஒன்று உண்டு: முன்பணம். கல்யாணத்துக்கு, வைத்தியத்துக்கு என்று பெருந்தொகை கொடுத்துவிட்டால் ஆள் எங்கே போவான்? 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததே இந்தக் கயிற்றை அறுக்கத்தான். அவசரத்துக்கு உதவுவது நல்லதே. அதைக் காட்டி 'போகாதே' என்று தடுக்கும் நிமிஷத்தில் அது கயிறாகிவிடுகிறது.

சமண இல்லறத்தாருக்குச் சொன்ன கொல்லாமை விரதத்துக்கு ஐந்து மீறல்களை உமாசுவாமி தம் தத்துவார்த்த சூத்திரத்தில் அடுக்குகிறார். கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுதல், உண்ணவும் பருகவும் விடாமல் தடுத்தல். எறும்பை மிதிக்காமல் நடந்தால் விரதம் முடிந்தது என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். பட்டியலில் முதலாவது கட்டுதல், நான்காவது பாரம், ஐந்தாவது சோறும் தண்ணீரும். தண்ணீர் குடிக்கப் பயந்த கடைப்பெண் அந்த ஐந்தாவதில்தானே வருகிறாள்?

மறுபக்கம்

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கேரளத்தில் சுமைத்தொழிலாளர் சட்டம் 1978-ல் வந்தது. பின்னாளில் சில இடங்களில், சுமக்காமலே நின்று பார்த்ததற்குக் கூலி கேட்கும் 'நோக்குகூலி' வழக்கமும் வளர்ந்தது. 2018 மே முதல் அரசு அதைத் தடை செய்தது. அதனால் நம் வியாபாரிகள் பட்ட சிரமம் எனக்கும் தெரியும். உறுதி என்பது இரண்டு கைக்கும் பொதுவானது. நாளைக்கு வேலை உண்டு என்று முதலாளி சொல்ல வேண்டும். அந்த வேலையைச் செய்வேன் என்று தொழிலாளியும் சொல்ல வேண்டும். ஒரு கை மட்டும் தட்டினால் ஓசை வராது.

செய்யக்கூடியவை

என் கடையில் செய்து பார்த்துப் பலன் கண்டவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று: வருஷம் பிறக்கும்போதே லீவு நாட்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுகிறேன். பொங்கல், ஓணம், அவரவர் ஊர்த் திருவிழா எல்லாம் அதில் வரும்.

இரண்டு: சம்பளத் தேதி மாறுவதில்லை. கல்லாவில் பணம் இல்லை என்பது என் கவலை, அவன் கவலை அல்ல.

மூன்று: ஸ்டூல், குடிதண்ணீர், பூட்டு உள்ள கழிப்பறை.

நான்கு: வாடிக்கையாளர் முன்னால் வேலையாளைத் திட்டுவதில்லை. தப்பு என்றால் கடை சாத்திய பிறகு.

ஐந்து: புது ஆளுக்கு வேலை சொல்லிக்கொடுப்பவருக்கு அந்த மாதம் கொஞ்சம் கூடுதல். இல்லாவிட்டால் தன் இடத்துக்குப் போட்டியாளனைத் தானே ஏன் தயார் செய்வான்?

ஆறு: போகிறேன் என்பவனிடம் காரணம் கேட்டு எழுதி வைக்கிறேன், வாதாடுவதில்லை. அந்த நோட்டுதான் எனக்குக் கிடைத்த நல்ல பாடப் புத்தகம்.

இன்று என் கடையில் இருப்பவர்களில் ஒருவர் அசாம்காரர், ஒருவர் ஒடிசாக்காரர். அவர்கள் ஊர் வந்தவாசியை விட எவ்வளவோ தூரம். ரயிலில் இரண்டு மூன்று நாள். நாமும் ஒரு காலத்தில் மூட்டையோடு இந்த ஊரில் வந்து இறங்கியவர்கள்தான். முதல் நாள் யாராவது பெயர் கேட்டார்களா என்று நினைத்துப் பாருங்கள்.

பள்ளுருத்திப் பெரியவர் இப்போது இல்லை. பதினொரு வருஷம் இருந்து போன பையன் இன்று சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். போன வருஷம் அவன் கடைக்குப் போயிருந்தேன். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் லீவுத் தாள் ஒட்டியிருந்தது. உட்காரச் சொல்லி எனக்கு ஒரு ஸ்டூல் போட்டான்.