பதிவேட்டில் பெயரில்லாதவர்கள்

கல்லூரி ஆண்டு மலரில் கணிப்பொறி விளையாட்டுக்கு என்ன வேலை என்று பேராசிரியப் பெருமக்கள் கேட்கக்கூடும். வரலாறு படிக்கும் நான் கணிப்பொறித் துறைக்குள் மூக்கை நுழைப்பதும் சிலருக்கு அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். ஆயினும், சென்ற பொங்கல் விடுமுறையில் விடுதி அறை நண்பனின் மடிக்கணினியில் இருந்த விளையாட்டைக் கெடுத்து, அதைச் சரிசெய்யப் பட்ட பாட்டில் அறிந்துகொண்டதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

விளையாட்டின் பெயர் ஸ்கைரிம். அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் 2011 நவம்பர் 11 அன்று வெளியிட்டது. திருத்திய சிறப்புப் பதிப்பு 2016 அக்டோபரில் வந்தது. எங்கள் அறையில் இருந்தது அதுதான். புதிய வீடு, புதிய முகம், புதிய மழை என்று விளையாடுவோரே செய்து இதில் சேர்த்துக்கொள்ளலாம். இச்சேர்க்கைகளை ‘மாட்’ என்கிறார்கள். கால்நடை அன்று, மாடிஃபிகேஷன் என்ற சொல்லின் சுருக்கம்.

ஆகஸ்டு மாதம் நண்பனின் சம்மதத்தோடு இப்படி இருபது சேர்க்கைகளைப் போட்டேன். ‘டேட்டா’ என்ற உறைக்குள் எல்லாவற்றையும் கையாலேயே கொட்டினேன். அவனும் மகிழ்ந்து, அவற்றின் மேலேயே ஐந்து மாதம் ஆடினான். பொங்கலுக்கு அவன் ஊருக்குப் போயிருந்தபோது, கணிப்பொறி திணறுகிறதே என்று இரக்கப்பட்டு, இஎஸ்பி என்று முடியும் கோப்புகளை நீக்கினேன். சேர்க்கைக்குத் தலை அதுதானே, தலை போனால் உடல் போகாதா என்பது என் கணக்கு.

விளையாட்டைத் திறந்தால், வைட்ரன் நகரத்து மாந்தர் பலரின் முகத்தில் அடுப்புக்கரி பூசியிருந்தது! கழுத்துக்குக் கீழே வெள்ளை, மேலே கறுப்பு.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இறக்கிக்கொள்ளலாமே என்பீர்கள். விளையாட்டின் எடை ஏறக்குறைய 12 ஜிபி. என் கைப்பேசித் திட்டத்தில் நாளொன்றுக்குக் கிடைப்பது 1.5 ஜிபி. எட்டு நாள்! நண்பன் மூன்றாம் நாள் வந்துவிடுவான். ஆகவே, விளையாட்டை வாங்கிய ஸ்டீம் செயலியில் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி ஒன்று உண்டென்று அறிந்து, அதை அழுத்தினேன். ‘எல்லாம் சரி’ என்று விடை வந்தது. முகங்களோ கறுப்பாகவே இருந்தன.

இந்த இடத்தில்தான் நம் வகுப்பறை எனக்குக் கைகொடுத்தது. ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் படிக்கிறார். வராதவன் யார் என்பது தெரிந்துவிடும். ஆனால் வேறு துறையிலிருந்து வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனைப் பதிவேடு காட்டிக்கொடுக்காது. அவன் பெயர்தான் அதில் இல்லையே! ஸ்டீமின் சோதனையும் அப்படித்தான். தன் பட்டியலிலுள்ள கோப்பு காணாமற் போயிருந்தாலோ மாறியிருந்தாலோ புதிதாகக் கொண்டுவரும். பட்டியலில் இல்லாத கோப்பை அது தொடுவதில்லை. விளையாட்டை நீக்கினாலும் அக்கோப்புகள் அந்த உறையிலேயே தங்கிவிடும்; எட்டு நாள் செலவிட்டு இறக்கியிருந்தாலும் கறுப்பு முகமே மிஞ்சியிருக்கும்.

வந்தவன் சும்மா உட்கார்ந்திருந்தாலாவது பரவாயில்லை. ஸ்கைரிமின் மூலப் படங்களும் உருவங்களும் பிஎஸ்ஏ என்னும் பெட்டகங்களுக்குள் கட்டி வைக்கப்பட்டவை. அதே பெயரில் ஒரு கோப்பு பெட்டகத்துக்கு வெளியே கிடந்தால், விளையாட்டு அதையே முதலில் எடுத்துக்கொள்ளும். பதிவேட்டு மாணவன் வகுப்பில் இருக்கிறான்; முந்திக்கொண்டு பதில் சொல்பவன் வெளியாள். நான் நீக்கிய இஎஸ்பியில் இருந்தது ‘இவன் முகம் இப்படி’ என்ற குறிப்பு மட்டுமே. முக உருவங்கள் ‘மெஷஸ்’, ‘டெக்ஸ்சர்ஸ்’ என்ற உறைகளில் அப்படியே கிடந்தன. குறிப்பும் உருவமும் பொருந்தாவிட்டால் முகம் கறுத்துப் போகும்.

வழி பிடிபட்டது. டேட்டா உறையில் ஐயத்துக்குரிய யாவற்றையும் அழிக்காமல் வேறோர் உறைக்கு மாற்றினேன். விளையாட்டின் முதன்மை உறையில் நான் போட்டிருந்த எஸ்கேஎஸ்இ என்னும் துணைக் கருவியையும், ஒளியை மாற்றுவதற்காகப் போட்ட டிஎல்எல் கோப்பையும் அப்புறப்படுத்தினேன். பிறகு மறுபடி சோதனை. கைதவறி மூலக் கோப்பையே எடுத்திருந்தாலும் கவலையில்லை, பதிவேடு அதைக் கூப்பிட்டு வரவழைத்துவிடும். ‘டாகுமெண்ட்ஸ்’ பகுதியில், ‘மை கேம்ஸ்’ உறைக்குள் விளையாட்டின் அமைப்புக் கோப்புகள் தனியே வாழ்கின்றன. நான் திருத்தியிருந்த இரண்டு ஐஎன்ஐ கோப்புகளை நீக்கியதும், அடுத்த முறை திறக்கையில் அவை புதிதாக உருவாயின.

புதிய ஆட்டம் தொடங்கிப் பார்த்தேன். கை கட்டப்பட்ட கைதியாக வண்டியில் ஹெல்கன் ஊருக்குப் போகும் அதே பழைய தொடக்கம். எதிரே இருந்தவனின் முகம் மனித முகமாக இருந்ததைக் கண்டு நான் அடைந்த ஆனந்தம் சொல்லி முடியாது.

ஆனால் நண்பனின் ஆட்டம்? அவன் சேமித்து வைத்திருந்த கடைசிக் கோப்பைத் திறந்தால், இதற்கு வேண்டிய பொருள்கள் இப்போது இல்லை என்று எச்சரிக்கை வந்தது. மீறித் திறந்தேன், சிறிது தூரம் நடந்ததும் விளையாட்டு அணைந்தது. சேர்க்கைகளின் கட்டளை நிரல்கள் சேமிப்புக் கோப்புக்குள்ளும் எழுதப்பட்டுவிடுகின்றன. வீட்டைக் கழுவினாலும் நினைவில் ஏறியது போவதில்லை. சுத்தமான சேமிப்பு என்பது முதல் சேர்க்கைக்கு முந்தியது ஒன்றே. தேதி பார்த்துத் தேடினேன். ஆகஸ்டில் சேமித்தது இருந்தது. அதில் அவன் நிலை 21. ஜனவரியில் 46.

அவன் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். எடுத்துவைத்த உறையைக் காட்டி, “இருபதையும் திரும்பப் போட்டால் உன் 46 திரும்பும், ஆனால் பழைய திணறலும் திரும்பும். நீயே சொல்லடா” என்றேன். அன்றிரவு அவன் என்னோடு பேசவில்லை. காலையில் பல் துலக்கிக்கொண்டே, “ஆகஸ்டையே திற” என்றான்.

இப்போது 30-ஐத் தாண்டிவிட்டான். சுத்தமான டேட்டா உறையின் படி ஒன்று வெளி வட்டில் இருக்கிறது. மாட் ஆர்கனைசர் என்றொரு இலவச மென்பொருள் உண்டு. அது ஒவ்வொரு சேர்க்கையையும் தனித்தனி உறையில் வைத்து, ஆடும் நேரத்தில் மட்டும் டேட்டாவுக்குள் இருப்பதாகக் காட்டும். மூல உறையைத் தொடுவதில்லை. ஆகஸ்டிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது. போன வாரம் நண்பன் அவனாகவே கேட்டான்: “மழை மட்டும் போடேன். ஆனால் அதன் வழியாகப் போடு. நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.”