நள்ளிரவில் நடந்த போலீஸ் கமிஷனர்

1895-ம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு நாள். இரவு மணி 2.

அமெரிக்காவில் உள்ள நியூயார்க் நகரம் தூங்கிக்கொண்டு இருந்தது. தெருவில் இரண்டு பேர் நடந்து சென்றார்கள். ஒருவர் தொப்பியைக் கண் வரை இழுத்து விட்டிருந்தார்.

ரோந்து சுற்றவேண்டிய போலீஸ்காரர்களைக் காணோம்! ஒருவர் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டார். சிலர் கூடி நின்று அரட்டை அடித்தார்கள்.

மறுநாள் காலை அவர்களுக்கு அழைப்பு வந்தது. போனவர்கள் திடுக்கிட்டார்கள். இரவில் பார்த்த அதே தொப்பிக்காரர் கமிஷனர் நாற்காலியில் இருந்தார்!

அவர்தான் தியோடர் ரூஸ்வெல்ட். அப்போது அவருக்கு வயது 36. நான்கு கமிஷனர்கள் கொண்ட போலீஸ் குழுவுக்கு அவரே தலைவர்.

விலைக்கு வாங்கிய வேலை

அந்தக் காலத்தில் நியூயார்க் போலீசில் பதவிக்கு விலை உண்டு. கேப்டன் பதவிக்கு 15 ஆயிரம் டாலர் கொடுத்ததாக ஒரு கேப்டனே 1894-ல் விசாரணைக் குழு முன் ஒப்புக்கொண்டார். கொடுத்த பணத்தை எடுக்க வேண்டாமா? சாராயக்கடையிலும் சூதாட்ட விடுதியிலும் மாமூல் வாங்கினார்கள்.

ரூஸ்வெல்ட் இதை மாற்ற முயன்றார். தேர்வு வைத்து ஆள் எடுத்தார். துப்பாக்கி சுடப் பயிற்சி கொடுத்தார். சைக்கிள் போலீஸ் படை அமைத்தார்.

நாயின் கதை

அன்று இரவு கூட வந்தவர் ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகை நிருபர். டென்மார்க்கில் இருந்து பிழைக்க வந்தவர்.

1870-ல் ரீசுக்கு வேலை இல்லை, வீடும் இல்லை. ஒரு தெருநாய்தான் துணை. மழை பெய்த ஓர் இரவு, ஏழைகள் படுக்கும் போலீஸ் நிலைய அறையில் தங்கினார். நாயை உள்ளே விடவில்லை. இரவில் அவருடைய தங்கப் பதக்கம் திருட்டுப் போயிற்று. புகார் சொன்னவரையே திருடன் என்று வெளியே தள்ளினார்கள். வாசலில் காத்திருந்த நாய் பாய்ந்தது. போலீஸ்காரர் அதை அடித்தே கொன்றுவிட்டார்.

25 ஆண்டு கழித்து, அதே நிலையத்துக்கு ரூஸ்வெல்ட்டை ரீஸ் அழைத்துப்போய் அந்தக் கதையைச் சொன்னார். ரூஸ்வெல்ட் கொதித்தார். 1896-ல் போலீஸ் நிலையங்களில் இருந்த அந்த அழுக்கு அறைகள் எல்லாம் மூடப்பட்டன.

வந்தது எதிர்ப்பு!

ஞாயிற்றுக்கிழமை மது விற்கக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. மாமூல் கொடுத்தவர்கள் விற்றார்கள். கொடுக்காதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். "சட்டம் எல்லாருக்கும் ஒன்றே" என்று ரூஸ்வெல்ட் எல்லாக் கடைகளையும் மூட வைத்தார். வாரத்தில் ஒரே நாள் ஓய்வு பெறும் தொழிலாளிகள் ஆத்திரம் அடைந்தார்கள். அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களே முகம் சுளித்தார்கள்.

1897-ல் அவர் பதவியை விட்டு விலகினார். பிறகு மாமூல் மறுபடியும் தலைதூக்கியது. இரண்டு ஆண்டில் ஒரு மனிதரால் எல்லாவற்றையும் துடைத்துவிட முடியுமா?

1901-ல் ரூஸ்வெல்ட் அமெரிக்க ஜனாதிபதி ஆனார். ரீசின் நட்பை அப்போதும் அவர் மறக்கவில்லை.