நாய் பார்சல் கவரை விழுங்கிவிட்டதா?

பிரியாணி பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, இலையையும் கவரையும் குப்பைக்கூடையில் போட்டுக் கை கழுவப் போகிறோம். நாய்க்கு அந்த இடைவெளி போதும். மசாலாவும் கொழுப்பும் ஊறிய கவர் அதன் மூக்குக்குக் கறிதான். நக்க ஆரம்பித்து அப்படியே விழுங்கிவிடும்.

எது ஆபத்து?

சிறு காகிதத் துண்டு பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும். பிளாஸ்டிக் ஷீட், சில்வர் ஃபாயில், சிப்ஸ் பாக்கெட் எதுவும் செரிக்காது. சுருண்டு குடலை அடைக்கலாம். கபாப் குச்சி குத்திக் கிழிக்கும். பாக்கெட்டுக்குள் போடும் சிறு பொட்டலங்களில் சிலிக்கா ஜெல் பொதுவாக நஞ்சில்லை. இரும்புத்தூள் உள்ள ஆக்சிஜன் உறிஞ்சி நஞ்சாகலாம்.

எல்லாவற்றிலும் மோசம், பார்சல் கட்டும் நூல். ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொள்ளும்; மறுமுனை குடலுக்குள் இறங்கும். நாடாவை இழுத்த பாவாடைபோல் குடல் சுருங்கி மடிய, நூல் அதை அறுத்துவிடும்.

உடனே என்ன செய்வது?

வாயில் மிச்சம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். எதை, எவ்வளவு, எப்போது தின்றது என்று குறித்துக்கொண்டு, கிழிந்த கவரின் மீதியோடு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். விழுங்கிய பொருள் வயிற்றில் இருக்கும் முதல் 2 மணி நேரம் பொன்னானது. ஊசி போட்டு வாந்தி எடுக்க வைக்கலாமா, எண்டோஸ்கோபியில் எடுக்கலாமா என்று மருத்துவர் முடிவு செய்வார். குடலுக்குப் போய் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைதான்.

உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ரத்தத்தில் உப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். எண்ணெய் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகலாம். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினாலும் இழுக்கவே இழுக்காதீர்கள்.

நாய் தெம்பாகத் தெரிந்தாலும் சில நாட்கள் கவனியுங்கள். அடிக்கடி வாந்தி, சாப்பிட மறுப்பது, மலம் போக முக்குவது, வயிற்றைத் தொட்டால் உறுமுவது, முன்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி நிற்பது ஆகியவை அடைப்பின் அறிகுறிகள். பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் நேரடியாகத் தெரியாமல் போகலாம். படம் சுத்தமாக இருந்தும் வாந்தி நிற்கவில்லை என்றால், வயிற்று ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.

உங்கள் உரிமை

இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984-இன்படி சிகிச்சை தருபவர் பதிவு பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். மருந்துக்கடைக்காரரின் யோசனை அதற்கு ஈடாகாது. செலவு தாங்காதவர்கள் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போகலாம். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தனியார் மருத்துவமனையில் பில், ஸ்கேன் படம், சிகிச்சைக் குறிப்பு எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். கட்டணம் வாங்கியும் கவனக்குறைவாக நடந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். நுகர்வோர் உதவி எண் 1915.

வராமல் காக்க

குப்பைக்கூடைக்கு மூடி போடுங்கள். சிப்ஸ் பாக்கெட்டின் பக்கங்களை வெட்டி விரித்துப் போடுங்கள். தலையை உள்ளே விட்ட நாய் சில நிமிடங்களில் மூச்சு முட்டிச் செத்துவிடும். மீந்த சோற்றைக் கேரி பேக்கில் முடிந்து தெருவில் எறிவதையும் நிறுத்துங்கள். வீட்டு நாய்க்காவது தூக்கிக்கொண்டு ஓட நாம் இருக்கிறோம். தெரு நாய்க்கு அதுவும் கிடையாது.