மவுஸா, டேப்லெட்டா? எந்தக் கோடு என்று முதலில் கேளுங்கள்

“அக்கா, டேப்லெட் இல்லாமல் டிஜிட்டல் ஓவியம் வரைய முடியுமா?” எஸ்.பி.எம். எழுதவிருக்கும் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. டுரியான் துங்கலில் உள்ள மலேசிய மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஊடாடு ஊடகம் படிப்பதால், ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத் தம்பி தங்கைகள் என்னைத் தேடி வருகிறார்கள். இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது: அப்பாவிடம் எப்படிப் பணம் கேட்பது?

திரையோடு கூடிய டேப்லெட் பெரும்பாலும் ஆயிரம் ரிங்கிட்டைத் தொடும். ஐபேடும் அதற்குரிய பென்சிலும் சேர்ந்தால் 2,000 ரிங்கிட்டை நெருங்கிவிடும். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளமோ 1,700 ரிங்கிட். தோட்டத்தில் ஒருவர் சம்பளத்தில் ஓடும் குடும்பத்திற்கு இது சின்னத் தொகை அல்ல. அதனால் சிலர் தவணையில் வாங்குகிறார்கள். சிலர் “நமக்கு இந்தத் துறை ஒத்துவராது” என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை என்பதே என் கருத்து.

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன?

மவுஸ் தான் எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டுமே கணினிக்குச் சொல்லும். அதைத் தூக்கி வேறிடத்தில் வைத்தாலும் திரையில் உள்ள அம்புக்குறி இருந்த இடத்திலேயே இருக்கும். பொத்தானை அழுத்தினீர்களா என்பது அதற்குத் தெரியும். எவ்வளவு அழுத்தினீர்கள் என்பது தெரியாது.

டேப்லெட்டில் பலகையின் ஒவ்வொரு புள்ளியும் திரையின் ஒரு புள்ளி. பலகையின் இடது மூலையில் பேனாவை வைத்தால் திரையிலும் இடது மூலைதான். பேனாவின் அழுத்தத்தை இன்றைய மாதிரிகள் பல 8,192 படிகளாக அளக்கின்றன. மெல்ல வைத்தால் மயிரிழைக் கோடு. அழுத்தினால் தடித்த கோடு.

வரலாற்றைப் பார்த்தாலும் இந்த வேறுபாடு புரியும். 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய ‘ஸ்கெட்ச்பேட்’ நிரலில், ஒளிப்பேனாவால் திரையிலேயே வரைய முடிந்தது. டக்ளஸ் எங்கல்பார்ட் மவுஸைப் பொதுமேடையில் இயக்கிக் காட்டியது 1968 டிசம்பரில். திரையில் உள்ளதைச் சுட்டிக்காட்டித் தேர்ந்தெடுப்பதற்காகவே மவுஸ் பிறந்தது. இன்றும் அதன் பலம் அதுதான்.

மவுஸ் வெல்லும் இடம்

மலாக்கா செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்தின் மாசி மகத்திற்குப் பத்து அடி அகலத்தில் ஒரு வாழ்த்துப் பதாகை செய்வதாக வைத்துக்கொள்வோம். சிறிய அளவில் தூரிகைபோல் வரைந்த படத்தைப் பெரிதாக்கினால் ஓரங்கள் மங்கிவிடும். வெக்டர் முறையில் வரைந்தால் அந்தச் சிக்கல் இல்லை. அங்கே கணினி புள்ளிகளையும் வளைவுகளையும் கணக்காக நினைவில் வைத்திருப்பதால், எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கூர்மையாகவே இருக்கும்.

அந்த வளைவுகளுக்குப் ‘பெசியே வளைவு’ என்று பெயர். ரெனோ கார் நிறுவனத்தின் பொறியாளர் பியர் பெசியே, கார்களின் உடலை வடிவமைக்க 1960களில் பயன்படுத்திப் பரவலாக்கியது. புள்ளி வைத்து, அதன் கைப்பிடியை இழுத்து வளைக்க வேண்டும். இந்த வேலைக்கு மவுஸே வசதி. கையை எடுத்தாலும் மவுஸ் அசையாது. பேனாவோ எடுக்கும்போது சற்று நழுவும்.

கைப்பேசியில் நாம் வாசிக்கும் தமிழ் எழுத்துகளும் இத்தகைய வளைவுகளால் ஆனவையே. 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கிய நம் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘இணைமதி’ எழுத்துரு ஆப்பிள் கணினிகளிலேயே இடம்பெற்றது. எழுத்துரு, சின்னம், பதாகை, புள்ளிக் கோலம் எல்லாமே இந்த வகை வேலைதான். கோலத்தில் கால் பங்கை மட்டும் வரைந்து, நகலெடுத்துத் திருப்பி வைத்தால் முழுக் கோலம் வந்துவிடும். இதற்கு ‘இங்க்ஸ்கேப்’ என்ற இலவச மென்பொருள் போதும்.

ஸ்பெயினின் வலென்சியாவைச் சேர்ந்த கோன்சா கார்சியா சாயெரா என்ற மூதாட்டி, மைக்ரோசாஃப்ட் பெயின்ட்டில் மவுஸால் மட்டுமே வரைந்து 2018இல் உலகின் கவனத்தை ஈர்த்தார். வீடுகள், மலைகள், பூக்கள் என ஒவ்வொரு பகுதியாகப் பொறுமையோடு கட்டி எழுப்பிய படங்கள் அவை.

முப்பரிமாண அனிமேஷனிலும் மவுஸுக்கு மதிப்பு உண்டு. 2007 முதல் நாம் பார்த்துவரும் ‘உப்பின் இப்பின்’ முப்பரிமாணத் தொடர்தான். ‘பிளெண்டர்’ போன்ற மென்பொருள்கள் உருளையோடு கூடிய மூன்று பொத்தான் மவுஸை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டவை. களிமண்ணைப் பிசைவதுபோல் உருவத்தைச் செதுக்கும்போது மட்டும் பேனா கூடுதலாக உதவும்.

பேனா இல்லாமல் முடியாத இடம்

அதற்காக மவுஸே எல்லாவற்றுக்கும் போதும் என்று சொல்லமாட்டேன். பாட்டியின் முகச் சுருக்கத்தையும் நரைத்த முடியையும் வரைந்து பாருங்கள். ஒரே கோடு மெலிந்து தொடங்கித் தடித்து மீண்டும் மெலிய வேண்டும். மவுஸில் அது ஒரே தடிமனாகவே விழும். ஒவ்வொன்றையும் திருத்திக்கொண்டிருந்தால் மணிக்கட்டுதான் வலிக்கும்.

கையால் வரையும் அனிமேஷனும் அப்படித்தான். நொடிக்கு 12 படங்கள் என்றாலும் பத்து நொடிக் காட்சிக்கு 120 படங்கள் வேண்டும். வேகமும் கையின் ஓட்டமும் முக்கியமான இந்த வேலைக்கு மவுஸை நம்பினால் பாதி வழியிலேயே சலிப்பு வந்துவிடும்.

வாங்குவதாக இருந்தால்

திரையில்லாத சிறிய டேப்லெட்டுகள் 200 ரிங்கிட்டுக்கு உள்ளேயே கிடைக்கின்றன. மடிக்கணினியோடு இணைத்தால் போதும். தொடக்கத்திற்கு ஆறு அங்குல அகலமுள்ள வரைபகுதியே தாராளம். கை மேசையிலும் கண் திரையிலும் இருப்பதால் முதல் சில நாள்கள் தடுமாற்றம் இருக்கும்; அதைக் கண்டு பலகையை ஓரங்கட்டிவிடாதீர்கள். அமைப்புப் பகுதியில் பலகையின் நீள அகல விகிதத்தைத் திரையின் விகிதத்தோடு பொருத்த மறக்க வேண்டாம். இல்லையென்றால் வட்டம் போட்டால் முட்டை வரும். ‘கிரிட்டா’ என்ற இலவச மென்பொருளில் நடுங்கும் கோட்டைச் சீராக்கும் வசதி உண்டு. அது மவுஸுக்கும் உதவும்.

படிவம் நான்கு, ஐந்தில் இருப்போருக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். முதலில் தாளில் பென்சிலால் வரையுங்கள். அதைக் கைப்பேசியில் படமெடுத்து, இங்க்ஸ்கேப்பில் வைத்து மவுஸால் கோடு போடுங்கள். பத்துப் பதினைந்து படங்கள் முடிந்ததும் எடுத்துப் பாருங்கள். சின்னமும் எழுத்தும் கோலமும் உங்களை இழுத்தால் மவுஸே சில காலம் போதும். முகங்களும் கதைப் படங்களுமே உங்கள் ஆசை என்றால், சிறிய டேப்லெட்டுக்குக் காசு சேர்க்கத் தொடங்கலாம். சேர்க்கைக்கு ஓவியத் தொகுப்பு கேட்கும் கல்லூரிகளுக்கு அனுப்பவும் அந்தப் படங்கள் கைகொடுக்கும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் தோட்ட இளைஞர் மன்றங்களுக்கும் ஒரு வேண்டுகோள். 200 ரிங்கிட் டேப்லெட் ஒன்றைப் பள்ளிக் கணினி அறையிலோ தோட்ட மண்டபத்திலோ வைத்தால், பத்துப் பிள்ளைகள் முறை வைத்துப் பழகலாம். தனக்கு எந்தக் கோடு வருகிறது என்பதை வீட்டுப் பணத்தைத் தொடாமலேயே அந்தப் பிள்ளைகள் தெரிந்துகொள்வார்கள்.