காவிரி அறுத்த மலைவழியில் ஒரு கார் பயணம்

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கைப் பார்க்க ஆண்டுதோறும் ஏறத்தாழ 50 லட்சம் பேர் போகிறார்கள். கூடாரம், அடுப்பு, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பாலை நிலத்தின் பள்ளத்தாக்குகளையும் தேசியப் பூங்காக்களையும் சுற்றுவது அமெரிக்கக் குடும்பங்களின் கோடைப் பழக்கம். இப்போது நம் ஊர் இளைஞர்களுக்கும் அந்த ஆசை வந்திருக்கிறது. சேமிப்பையெல்லாம் திரட்டிக்கொண்டு அரிசோனாவுக்குப் போய் வருகிறவர்களும் உண்டு.

அந்தப் பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கும் மிகப் பழைய பாறைகளுக்கு வயது சுமார் 180 கோடி ஆண்டு. நம் தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல் பகுதியின் கார்பனடைட் பாறைகளுக்கு நிலவியலாளர்கள் கணித்திருக்கும் வயது சுமார் 240 கோடி ஆண்டு. அவற்றைச் சூழ்ந்திருக்கும் சார்னோக்கைட் பாறை அதற்கும் மூத்தது. இத்தனை பழைய நிலத்துக்குப் போய் அருவியில் குளித்து, வறுத்த மீன் சாப்பிட்டு, மாலையே ஊர் திரும்பிவிடுகிறோம். தருமபுரி மாவட்டம் அதைவிட நிதானமான பயணத்துக்குத் தகுதியுள்ள இடம். அந்தப் பயணத்தை எப்படிச் செய்வது, எங்கே நிறுத்திக்கொள்வது என்பதைத்தான் இங்கே பேசப்போகிறேன்.

வறண்ட நிலத்தின் வழியே

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். புறப்படுவதற்கு முன் அதியமான்கோட்டையில் ஒரு மணி நேரம் நிற்கலாம். சங்க காலத்துத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. ஔவைக்கு நெல்லிக்கனி தந்த அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட மண் இது. அங்குள்ள சென்றாயப் பெருமாள் கோயிலின் கூரை ஓவியங்களைப் பார்க்க மறக்க வேண்டாம்.

பென்னாகரம் வரை இருபுறமும் மானாவாரி நிலம்: கேழ்வரகு, சாமை, நிலக்கடலை, ஆங்காங்கே புளிய மரங்கள். குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் திரிந்தால் பாலை என்பது நம் பழைய திணை மரபு. சித்திரை வெயிலில் இந்தச் சாலையில் போனால் அது கண்ணெதிரே தெரியும். இலையுதிர்த்த மரங்கள், வெளுத்த புல், கருத்த பாறை என்று கிடக்கும் அந்தக் காடே, ஐப்பசி மழைக்குப் பிறகு முழுப் பச்சையாகிவிடும்.

இந்த மண்ணின் பாறை, மக்களின் உடம்பிலும் தன் தடத்தை எழுதியிருக்கிறது. பாறையிலிருந்து கரையும் ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கலந்ததால், தலைமுறை தலைமுறையாக இங்கே பல்லில் கறை விழுந்தது, எலும்பு வளைந்தது. ஆழ்துளைக் கிணறு ஆழமாகப் போனபோது சிக்கல் கூடியது. ஜப்பானியக் கடனுதவியுடன், சுமார் 1,928 கோடி ரூபாய்ச் செலவில் உருவான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்த பிறகுதான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்களுக்குக் காவிரித் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கியது. அருவியில் குளிக்கிற பயணி இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. அந்த ஆற்றில் நாம் விடும் சோப்பும் ஷாம்பூவும் கலப்பது இன்னொருவரின் குடிநீரில்.

ஆறும் பாறையும்

பென்னாகரம் தாண்டியதும் சாலை காட்டுக்குள் இறங்குகிறது. கோடையில் தண்ணீர் தேடும் யானைகள் குறுக்கே கடக்கும் சாலை இது. கீழே வளைந்து இறங்கியதும் சின்னாறு காவிரியில் சேரும் இடத்தில் ஒகேனக்கல்.

கர்நாடகத்தின் மேகேதாட்டில், ஆடு தாண்டிவிடும் என்று ஊர் சொல்லும் அளவுக்குக் குறுகிய பாறை இடுக்கில் நுழைந்து வெளியேறும் காவிரி, அதன் பிறகு சுமார் 64 கிலோமீட்டர் தூரம் இரு மாநிலங்களுக்கும் எல்லையாக ஓடுகிறது. வழியில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தின் அளவை நிலையம் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018இல் தமிழகத்துக்கு உறுதிசெய்த 177.25 டி.எம்.சி. தண்ணீர் வந்ததா என்று கணக்குப் பார்ப்பது அங்கேதான்.

ஒகேனக்கல்லில் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து, பாறையின் வெடிப்புகளைத் தேடிப் பிடித்து விழுகிறது. கெட்டிப் பாறையை நீர் நேராக அரிப்பது கடினம். விரிசல் உள்ள இடத்தில் புகுந்து அகலப்படுத்துகிறது. சுழலில் அகப்பட்ட கூழாங்கற்கள் பாறையைக் கடைந்து கடைந்து குடம் போன்ற குழிகளை உண்டாக்குகின்றன. நீர் வற்றிய மாதங்களில் அந்தக் குழிகளை ஆற்றுப் படுகையில் தெளிவாகப் பார்க்கலாம். அருவியைக் காண நீர் நிறைந்த காலம் நல்லது. பள்ளத்தாக்கைக் காண நீர் குறைந்த காலம் நல்லது.

பள்ளத்தாக்கின் உள்ளே போக ஒரே வழி பரிசல். மூங்கிலை வளைத்துப் பின்னி, அடியில் நீர் புகாத உறை போர்த்திய வட்டப் படகு. முன்பு தோல் போர்த்தினார்கள். ஒற்றைத் துடுப்புடன் சுழிகளுக்கு இடையே பரிசலைத் திருப்புகிற கலை தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. எந்த மட்டத்துக்கு நீர் ஏறினால் எந்தச் சுழி உயிர் பெறும் என்பது பரிசல் ஓட்டிகளுக்கு மனப்பாடம். உயிர்காப்பு உடையைப் போட மறுப்பதும், கூடுதலாக ஓர் ஆளை ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுவதும் அவர்களுடைய பிழைப்பையும் நம் உயிரையும் சேர்த்துப் பணயம் வைப்பது. இந்த ஆற்றில் பரிசல் கவிழ்ந்து குடும்பங்கள் சிதைந்திருக்கின்றன. கர்நாடக அணைகள் நிரம்பி உபரி நீர் வரும் ஆண்டுகளில் வரத்து ஒரு லட்சம் கன அடியைத் தாண்டும். அப்போது குளிக்கவும் பரிசல் ஓட்டவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கும். புறப்படுமுன் நீர்வரத்தை விசாரித்துக்கொள்வது முதல் கடமை.

ஆற்றோடு கீழே, காட்டோடு மேலே

ஒகேனக்கல்லில் பயணத்தை முடிக்க வேண்டியதில்லை. பென்னாகரம் திரும்பி ஏரியூர் வழியாக நாகமரைக்குப் போகலாம். அங்கே காவிரி 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கமாக விரிந்து கிடக்கிறது. எதிர்க்கரை சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. நீர்மட்டம் நன்றாக இறங்கும்போது, அணைக்காக ஊரை விட்டுப் போனவர்களின் கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தண்ணீருக்கு மேலே தலைகாட்டும். டெல்டாவின் நெல்வயல்களுக்காக இங்கே மூழ்கிய ஊர்களின் சாட்சி அது.

வடக்கே நாட்றாம்பாளையம், அஞ்செட்டி வழியாகத் தேன்கனிக்கோட்டைக்கு ஏறும் சாலை மேலகிரி மலைக்காட்டை ஊடுருவுகிறது. இந்தக் காடுகளில் 2014இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும், 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. அக்கரையில் கர்நாடகத்தின் காவிரி, மலை மாதேஸ்வரா சரணாலயங்கள். வடக்கே பன்னர்கட்டா தேசியப் பூங்கா. காகிதத்தில் இத்தனை பெயர்கள் இருந்தாலும் யானைக்கு இது ஒரே காடு. ஆற்றோர நீர்மருது மரங்களில் சாம்பல் நிற மலை அணில், நீரில் நீர்நாய், மணல் திட்டில் முதலை, புதரில் நாற்கொம்பு மான் என்று ஒரு முழு உலகம் இந்த ஆற்றை நம்பி வாழ்கிறது.

அந்த உலகமும் நம் உலகமும் எவ்வளவு நெருக்கமாக உரசுகின்றன என்பதற்கு 2023 மார்ச் ஒரு கசப்பான சான்று. மாரண்டஅள்ளி அருகே விளைநிலத்தில் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் ஒரே இரவில் இறந்தன. கூடவே வந்த இரண்டு குட்டிகள் தப்பின. தாயற்ற குட்டிகள் அந்த இடத்தைவிட்டு அகலாமல் நின்றதை நாடே பார்த்தது.

இரவு எங்கே?

ஆற்றங்கரை மணலில் கூடாரம் அடித்து, விறகு மூட்டி, விடியும்வரை பாட்டுக் கேட்கலாம் என்ற எண்ணத்தோடு வருகிறவர்களுக்கு உறுதியாகச் சொல்ல வேண்டியது ஒன்றே. காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் அனுமதியின்றி நுழைவதும் தங்குவதும் தீ மூட்டுவதும் குற்றம். இரவில் ஆற்றுக்கு இறங்கும் யானைக் கூட்டத்தின் பாதை அந்த மணல்தான். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீ 23 பேரைப் பலிகொண்ட பிறகு, வறண்ட காட்டில் ஒரு தீக்குச்சி என்ன செய்யும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களிலும் நினைத்த இடத்திலெல்லாம் கூடாரம் போட முடியாது. கிராண்ட் கேன்யனுக்குள் இரவு தங்க முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். நடந்து இறங்கி உள்ளே தங்குகிறவர்கள் விறகுத் தீ மூட்டக் கூடாது. பள்ளத்தாக்கில் ஓடும் கொலராடோ ஆற்றில் சொந்தப் படகில் நீண்ட பயணம் போகக் குலுக்கல் முறையில்தான் இடம் கிடைக்கும். போனவர்கள் குப்பையை மட்டுமல்ல, மலக்கழிவையும் கலத்தில் அடைத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும். 50 லட்சம் பேர் வந்தும் அந்த இடம் அழியாமல் இருப்பதற்கு இந்தக் கண்டிப்பு ஒரு பெரிய காரணம்.

நம்மாலும் முடியும். 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவுடனும், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடனும் திறந்தது. பக்கத்துக் கிருஷ்ணகிரியின் குத்திராயன் சிகரமும் அதில் ஒன்று. அதே ஒழுங்கோடு, காட்டுக்கு வெளியே, ஒகேனக்கல்லுக்கு மேலேயும் தருமபுரியின் வத்தல்மலையிலும் சில முகாம் இடங்களை அரசு அமைக்கட்டும். நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைக்கட்டும். கழிப்பறையும் குடிநீரும் இருக்கட்டும். வெள்ளக் காலத்தில் வருமானம் இழக்கும் பரிசல் குடும்பங்களுக்கும், வத்தல்மலையில் காபியும் சாமையும் விளைவிக்கும் பழங்குடி மக்களுக்கும் அந்த முகாம்களை நடத்தும் உரிமை கிடைக்கட்டும்.

அதுவரை, ஒகேனக்கல்லில் உள்ள தமிழ்நாடு ஓட்டலிலோ மற்ற விடுதிகளிலோ தங்குங்கள். ஐப்பசி முதல் மாசி வரை நல்ல பருவம். காட்டுச் சாலையைப் பகலிலேயே கடந்துவிடுங்கள். வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள். குரங்குக்குத் தீனி போடாதீர்கள். மது பாட்டிலை உடைத்துவிட்டுப் போகும் பாறையில் நாளை யானையின் பாதம் பதியும். கொண்டுபோன பிளாஸ்டிக் ஒன்றுவிடாமல் உங்கள் வண்டியிலேயே திரும்பி வரட்டும். இந்த நான்கைந்து ஒழுக்கங்களைக் கடைப்பிடிக்க மனமிருந்தால், தாராளமாகத் தருமபுரிக்கு வாருங்கள்.