உழவருக்கு உள்ளூர் வானொலி: விதிகள் சொல்வது என்ன?

வானொலி கேட்டுப் பயிர் செய்யும் வழக்கம் நம் உழவர்களுக்குப் புதிதல்ல. 1960-களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் ரகம் தஞ்சை மாவட்டத்தில் பரவியபோது, அதன் சாகுபடி முறைகளைத் திருச்சி வானொலி நிலையம் தொடர்ந்து எடுத்துச் சொல்லி வந்தது. அந்த நெல்லுக்கு விவசாயிகள் ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் பெரிய நிலையம் பல மாவட்டங்களுக்கும் பொதுவாகவே பேச முடியும். கடைமடையில் நாற்று விடும் வேளையில் மேட்டுப் பாங்கான ஊரில் நிலக்கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வட்டாரத்தில் புகையான் தென்படும். அடுத்த வட்டாரத்தில் அதன் சுவடே இராது. நம் ஊர் நிலத்துக்கும் நம் வாய்க்காலுக்கும் பொருந்தும் செய்தியை நம் பேச்சு வழக்கிலேயே சொல்ல ஒரு சிறிய நிலையம் வேண்டும். அதற்கு இடம் தருவதே சமுதாய வானொலித் திட்டம். இதன் விதிகளை விவசாயிகள் அறிந்திருப்பது நல்லது. நிலையம் நடத்துவோருக்கு மட்டுமன்றி, கேட்பவர்களுக்கும் அவை பயன்படும்.

அலைவரிசை யாருடைய சொத்து?

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. வான் அலைகள் பொதுச் சொத்து. அவற்றைப் பொது நலனுக்காகப் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். அதன் பிறகு 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்கள் சிறிய வானொலி நிலையம் நடத்த மத்திய அரசு வழி செய்தது. 2004 பிப்ரவரி 1-ந் தேதி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எப்.எம். தொடங்கியது. நாட்டின் முதல் சமுதாய வானொலி இதுவே.

2006 நவம்பரில் விதி மேலும் தளர்ந்தது. தொண்டு நிறுவனங்கள், வேளாண் பல்கலைக்கழகங்கள், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள் ஆகியவையும் அனுமதி கேட்கலாம் என்றாயிற்று. 2008 அக்டோபர் 15-ந் தேதி, அப்போதைய ஆந்திராவின் மேடக் மாவட்டத்தில் மாச்சனூர் என்ற சிற்றூரில் ‘சங்கம் ரேடியோ’ தொடங்கியது. மானாவாரி நிலத்தில் சிறுதானியம் விளைவிக்கும் தலித் பெண்கள் நடத்தும் நிலையம் அது. மராட்டியத்தில் பாராமதி வேளாண் அறிவியல் நிலையமும், கர்நாடகத்தில் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகமும் உழவருக்கென்றே நிலையம் அமைத்தன. நம் பாம்பனில் மீனவர்களுக்காகக் ‘கடல் ஓசை’ 2016-ல் தொடங்கப்பட்டது.

யார் விண்ணப்பிக்கலாம்?

தனி மனிதர் எவருக்கும் அனுமதி கிடையாது. அரசியல் கட்சிகளுக்கும், அவற்றைச் சார்ந்த அமைப்புகளுக்கும், லாப நோக்கில் இயங்கும் நிறுவனங்களுக்கும் கிடையாது. தொண்டு அமைப்பாக இருந்தால் பதிவு பெற்று மூன்று ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். அந்தப் பகுதி மக்களுக்கு மூன்று ஆண்டுகளாவது தொண்டு செய்திருக்கவும் வேண்டும். ஆகவே உழவர் சங்கம் ஒன்று இதில் இறங்க விரும்பினால், முதல் வேலை சங்கத்தை முறையாகப் பதிவு செய்து, கணக்கு வழக்கை ஒழுங்காக வைத்துக்கொள்வதே. அதற்கு வசதி இல்லாத ஊர்களில், அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ வேளாண் கல்லூரியையோ அணுகி, நிலையம் அமைக்கும்படி கேட்கலாம்.

விண்ணப்பம் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குச் செல்கிறது. தகுதியுள்ள அமைப்புக்கு முதலில் இசைவுக் கடிதம் கிடைக்கும். 2024-ம் ஆண்டு விதிப்படி, இக்கடிதம் ஓராண்டு செல்லும். எதிர்பாராத தடைகளுக்காக மேலும் மூன்று மாத அவகாசம் உண்டு. அதற்குள் அலைவரிசை அனுமதி உள்ளிட்ட காரியங்களை முடிக்க வேண்டும். முன்பு ஐந்து ஆண்டுகளாக இருந்த முதல் அனுமதிக் காலம் இப்போது பத்து ஆண்டுகள். பல மாவட்டங்களில் பணிபுரியும் அமைப்பு, வெவ்வேறு மாவட்டங்களில் ஆறு நிலையங்கள் வரை அமைக்கலாம்.

எவ்வளவு தூரம் கேட்கும்?

நிலையத்தின் வீச்சுத் திறன் பொதுவாக 100 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. கம்பத்தின் உயரம் தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேற்படக் கூடாது. பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால் மலையும் மேடும் அவற்றை மறைக்கும். சமவெளியில் சுமார் 10 கிலோ மீட்டர் சுற்றளவில் தெளிவாகக் கேட்கலாம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கட்டுப்பாட்டில் ஒரு நன்மையும் உண்டு. பேசுகிறவர், கேட்கிறவர் இருவரும் ஒரே சந்தைக்குப் போகிறவர்களாக இருப்பார்கள். தவறான யோசனை சொன்னவரை மறுநாளே நேரில் கேட்டுவிடலாம்.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?

நிகழ்ச்சிகளில் பாதியாவது அந்தப் பகுதியிலேயே, அந்த மக்களின் பங்கேற்புடன் தயாரிக்கப்பட வேண்டும். உள்ளூர் மொழிக்கும் வட்டார வழக்குக்கும் முதலிடம் தர வேண்டும். நிகழ்ச்சிகளை முடிவு செய்ய ஆலோசனைக் குழு ஒன்று இருக்க வேண்டும். அதன் உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்று 2024 விதி கூறுகிறது. நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெரும்பாலும் பெண்களே என்பதால் இது பொருத்தமான விதியே.

அரசியல் பேசக் கூடாது. சொந்தமாகச் செய்தி அறிக்கை தயாரிக்கவும் அனுமதி இல்லை. அகில இந்திய வானொலிச் செய்தியை அப்படியே, அல்லது உள்ளூர் மொழியில் பெயர்த்து ஒலிபரப்பலாம். வானிலை, போக்குவரத்து, திருவிழா, வேலைவாய்ப்பு ஆகிய தகவல்களுக்குத் தடையில்லை. மின்சாரம், குடிநீர், வெள்ளம், புயல் பற்றி உள்ளூர் நிர்வாகம் தரும் அறிவிப்புகளையும் சொல்லலாம். அறுவடைக்கு ஆள் சேர்த்துவிட்ட விவசாயிக்கு, மழை எச்சரிக்கை முதல் நாள் மாலையே காதில் விழுந்தால் அதன் மதிப்பு தனி.

விளம்பரத்தில் எச்சரிக்கை

2006 விதியில் ஒரு மணி நேரத்துக்கு 5 நிமிடம் விளம்பரம் செய்யலாம் என்று இருந்தது. பின்னர் இது 7 நிமிடமாயிற்று. 2024 பிப்ரவரி 13-ந் தேதி வெளியான புதிய விதியில் 12 நிமிடமாக உயர்ந்தது. 10 வினாடி விளம்பரத்துக்கு 52 ரூபாயாக இருந்த அரசு விளம்பரக் கட்டணமும் 74 ரூபாய் ஆனது.

கணக்குப் பார்ப்போம். பழைய விதியில் ஒரு மணி நேரம் முழுவதும் விளம்பரம் கிடைத்தாலும், 42 முறை 52 ரூபாய், அதாவது 2,184 ரூபாய்தான். இப்போது 72 முறை 74 ரூபாய், அதாவது 5,328 ரூபாய். எல்லா நேரமும் விளம்பரம் நிரம்பாது என்றாலும், மின் கட்டணத்துக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் திண்டாடும் நிலையங்களுக்கு இது உதவியே.

ஆனால் உழவர்கள் இங்கேதான் விழிப்பாக இருக்க வேண்டும். விளம்பர நேரம் கூடினால் விதை, பூச்சிமருந்து, உர வியாபாரிகளின் குரலும் கூடக்கூடும். விளம்பரம் வேறு, விவசாய யோசனை வேறு. அரசும் பொதுநலத் தகவல் தரும் அமைப்புகளும் தவிர, மற்றவர்கள் பணம் கொடுத்து ஒரு நிகழ்ச்சியையே தங்கள் பெயரில் நடத்த விதிகள் இடம் தரவில்லை. ஒரு கம்பெனியின் மருந்தை மட்டுமே புகழும் பேச்சு, வேளாண் நிகழ்ச்சி என்ற பெயரில் வந்தால் அது முறையல்ல. அந்த நம்பிக்கையில் தேவையற்ற மருந்தை அடித்தால் செலவு நம்முடையது. நன்மை செய்யும் பூச்சிகளும் அழியும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

* உங்கள் பகுதியில் நிலையம் உள்ளதா என்று வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். 2024 தொடக்கத்தில் நாடெங்கும் 480-க்கு மேற்பட்ட சமுதாய வானொலிகள் இருந்தன.
* நிலையம் இருந்தால் ஆலோசனைக் குழுவில் சிறு விவசாயியும் விவசாயக் கூலிப் பெண்ணும் இடம் பெறும்படி கேளுங்கள்.
* மருந்து, விதை பற்றிக் கேட்கும் யோசனையை வேளாண்மை உதவி அலுவலரிடம் சரிபார்த்த பின்பே கையாளுங்கள்.
* தவறான யோசனை வந்தால் தேதி, நேரம், நிகழ்ச்சியின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு உடனே எழுத்து மூலம் நிலையத்துக்குத் தெரிவியுங்கள். ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை நிலையம் மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும். அதற்குப் பின் புகார் செய்தால் சான்று இல்லாமல் போகலாம்.
* கைபேசி வாங்கும்போது பண்பலை வானொலி வசதி உண்டா என்று கேட்டு வாங்குங்கள். இந்த வசதியை எல்லாக் கைபேசிகளிலும் தரும்படி 2023 ஏப்ரலில் மத்திய அரசு தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது. எனினும் சில கைபேசிகளில் இது இருப்பதில்லை. காதில் மாட்டும் கருவியின் கம்பியே ஏரியலாக வேலை செய்யும் என்பதால் அதையும் செருகிக் கேட்க வேண்டும்.

நிலத்தைப் போலவே அலைவரிசையும் உழைப்பவர் கையில் இருந்தால்தான் பலன் தரும். கேட்பதோடு நில்லாமல், தங்கள் அனுபவத்தை உள்ளூர் வானொலியில் பேசவும் விவசாயிகள் முன்வந்தால், ஒருவர் வயலில் கற்ற பாடம் பத்து ஊருக்குப் பயன்படும்.