குறையும் நீரும் கூடும் உப்பும்

கடல் மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போர் பலரிடத்தில் ஒரு மயக்கம் உண்டு. தொட்டியின் நீர் நாள்தோறும் சிறிது குறைகின்றது. குறைந்தது கடல் நீர்தானே, கடல் நீரையே வார்த்து நிரப்பினால் என்ன என்பர். அது பெருங்கேடு. ஆவியாகிப் போவது நீர் மாத்திரமே. உப்புத் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றது. உப்பளத்தில் உப்பு விளைவதும் இந்நியதியினாலன்றோ?

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. 200 லீற்றர் நீரில் 7 கிலோகிராம். அதில் 20 லீற்றர் ஆவியானால், லீற்றருக்கு ஏறத்தாழ 39 கிராம் ஆகிவிடும். பின்னர் ஒரேயடியாக நன்னீரை வார்த்தாலோ உப்பு விரைந்து இறங்கும். இவ்வேற்றத் தாழ்வைப் பவள உயிர்கள் தாங்குவது அரிது. ஆதலால், குறையக் குறையச் சிறிது சிறிதாக நன்னீர் சேர்தல் வேண்டும். அப்பணியைச் செய்வதே மிதவை ஆளி.

கீழ்த்தொட்டியுள்ள அமைப்பில், மேற்றொட்டியின் நீர் வழிந்து கீழிறங்கிப் பம்பியினால் மீண்டும் மேலேறுகின்றது. எனவே மேலே நீர்மட்டம் மாறுவதில்லை. குறைவு முழுவதும் பம்பி நிற்கும் கடைசி அறையிலேயே தோன்றும். மிதவை ஆளியை அவ்வறையில், குமிழியும் நீரோட்டமும் மிகாத ஓரத்தில், அசையாவண்ணம் பொருத்துக. மட்டத்தைக் குறிக்கும்போது பம்பி ஓடிக்கொண்டிருத்தல் அவசியம். நீர் தாழ மிதவையும் தாழும். நன்னீர்க் கலத்திலுள்ள சிறு பம்பி இயங்கும். நீர் உயர, அது நின்றுவிடும். குழாய் நீரிலுள்ள தாதுக்கள் நாளடைவில் தொட்டியில் சேருமாதலால், கலத்தில் சுத்திகரித்த நீரையே நிரப்புக.

இவ்விடத்தில் நான் பட்ட அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நன்னீர்க் கலத்தை உயரத்தில் வைத்து, குழாயின் நுனியை நீருக்குள் அமிழ்த்தியிருந்தேன். பம்பி நின்ற பின்னும் நீர் தானே இறங்கிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் கலம் வெறுமை, தரையெல்லாம் வெள்ளம்! அன்றுதொட்டுக் குழாயின் நுனியை, நன்னீர்க் கலத்தின் நீர்மட்டத்திற்கும் மேலாக, பெரிய பம்பி நின்று கீழ்த்தொட்டி நிரம்பினாலும் நீர் எட்டாத உயரத்திற் கட்டி வைக்கின்றேன்.

இன்னும் இரண்டு காப்புகள் உள. நத்தை ஊர்ந்தோ உப்புப் படிந்தோ மிதவை சிக்கிக்கொள்ளலாம். சற்று மேலே இரண்டாவது ஆளியொன்றிருந்தால் அது பம்பியை நிறுத்தும். நன்னீர்க் கலமும் சிறிதாயிருத்தல் நன்று. நிறைந்திருக்கும் 200 லீற்றர் நீரில் 10 லீற்றர் முழுதும் தவறிக் கொட்டினாலும் உப்பு 33 கிராமளவிற்கே இறங்கும்.

கருவி கைக்கு உதவுமேயன்றிக் கண்ணுக்கு ஈடாகாது. வாரம் ஒருமுறை மிதவையைத் துடைத்து, உப்பையும் அளந்து பாருங்கள். வாயில்லா உயிர்களை வீட்டிற்குக் கொண்டுவந்தோம். அவற்றின் கடலைக் காப்பதும் நம் கடனே.